நீர்மஹாலுக்கு வெள்ளையடித்தால் மட்டும் போதுமா?

திரிபுராவின் நீர்மஹால் அரண்மனை பற்றிப் பேச்சு வந்தாலே பூஞ்சை பிடித்த சுவர், பெயர்ந்து விழும் காரை என்றுதான் எல்லோரும் புலம்புகிறார்கள். புலம்ப வேண்டியதுதான். ஆனால் என்னைக் கேட்டால் முதலில் காப்பாற்ற வேண்டியது அதைச் சுற்றியுள்ள ஏரியை.

அகர்தலாவிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் தள்ளி, மேலாகரில் ருத்ரசாகர் ஏரிக்கு நடுவே இருக்கிறது இந்த அரண்மனை. மகாராஜா பீர் விக்ரம் கிஷோர் மாணிக்யா தன் குடும்பம் கோடையைக் கழிப்பதற்காகக் கட்டியது. 1930இல் தொடங்கிய வேலை 1938இல் முடிந்தது. மேற்கே ராஜ குடும்பத்துக்கான அந்தர் மஹால், கிழக்கே நாடகமும் நாட்டியமும் நடத்தத் திறந்தவெளி அரங்கு. பாவம், கட்டியவருக்கு அதை அனுபவிக்கப் பத்து வருடம்கூடக் கொடுத்துவைக்கவில்லை. 1947இல், 38 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அரண்மனைக்கு உள்ளிருந்தே படிகள் ஏரிக்குள் இறங்கும். ராஜாவின் படகு நேராக அங்கேதான் வந்து ஒட்டும். தண்ணீரை நம்பியே போட்ட படிகள் அவை. தண்ணீர் விலகிப் போனால் எத்தனை கோட்டிங் பெயிண்ட் அடித்து என்ன?

ருத்ரசாகருக்கு மூன்று ஓடைகள் தண்ணீர் கொண்டுவருகின்றன. மேலே மலைகளில் காடு அழிய அழிய, தண்ணீரோடு வண்டலும் வந்து இறங்குகிறது. ஏரி மேடேறுகிறது. வறண்ட மாதங்களில் கரையோரம் நெல் வயலாகிவிடுகிறது. 2005இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்த்தார்கள், சரி. பட்டியலில் பெயர் ஏறினால் வண்டல் நின்றுவிடுமா?

ஏரி சுருங்குகிறது என்றதும் உடனே அங்கே நெல் போடும் மீனவர்கள்மேல் பழி போடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அன்றைய கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வீடு வாசலை விட்டு அகதிகளாக வந்தவர்களின் கூட்டுறவுச் சங்கம்தான் அந்த மீனவர்களுடையது. மீனும் அந்தக் கரையோர நெல்லும்தான் அவர்கள் அடுப்பில் உலை ஏற்றுகின்றன. வருடாவருடம் மழைக்காலத்தில் அந்த ஏரியில் படகுப் போட்டி நடக்கிறது, ஊரே திரண்டு வருகிறது. ஏரியோடு இவ்வளவு ஒட்டி வாழ்கிறவர்களை ஆக்கிரமிப்பாளர்கள் மாதிரி நடத்துவது அநியாயம்.

தண்ணீரை வடிய விடாமல் தேக்கி வைக்க வேண்டும். அதனால் அவர்களுக்கு ஒரு போகம் நெல் போகிறதென்றால், சுற்றுலா வருமானத்திலிருந்து அந்த நஷ்டத்தை ஈடுகட்ட வேண்டும். ஓடைகளின் மேல்பகுதியில் மரம் நட்டு மண்ணரிப்பைத் தடுக்க வேண்டும். தூர்வாருவது அதற்கு அடுத்தது. இல்லாவிட்டால் வாரிய இடத்தில் மறுபடியும் வண்டல்தான் சேரும். பெயிண்ட் வேலையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.