வூவுக்கு நோபல் கிடைக்காத கதை போதும்

இயற்பியலாளர் சியென்-ஷியுங் வூ பற்றி யார் எழுதினாலும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கிறார்கள். இயற்கை இடம் வலம் பார்க்கிறது என்பதைக் கோபால்ட்-60 வைத்துக் காட்டினார், 1957 நோபலோ கோட்பாட்டை எழுதிய லீக்கும் யாங்குக்கும் போனது, பாவம் இவர். அநியாயம்தான், மறுக்கவே இல்லை. ஆனால் இந்தப் 'பாவம்' சொல்லிச் சொல்லியே அவருடைய மற்ற வேலையை மறந்துவிட்டோம் என்பதுதான் என் ஆதங்கம்.

1950 ஜனவரியில் வந்த ஒரு சின்னக் கட்டுரை இருக்கிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வூவும் இர்விங் ஷாக்னோவும் செய்த சோதனை. தாமிரம்-64 என்ற கதிரியக்கத் தாமிரம் பாசிட்ரானை, அதாவது எலெக்ட்ரானின் எதிர்த்துகளை, உமிழும். அது எலெக்ட்ரானோடு சேர்ந்து அழியும்போது இரண்டு காமா ஃபோட்டான்கள், தலைக்கு 511 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றலோடு, எதிரெதிர்த் திசையில் ஓடும். இரண்டின் அலைவுத் தளங்களும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்க வேண்டும் என்றது குவாண்டம் கோட்பாடு. இந்த ஆற்றலுக்குச் சாதாரண வடிகட்டி எல்லாம் வேலைக்காகாது. அதனால் இரண்டையும் சிதறவிட்டு, எந்தப் பக்கம் எத்தனை போகிறது என்று எண்ணினார்கள். முன்னால் செய்தவர்களின் முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. வூ கதிர்களை எண்ணும் கைகர் கருவியை விட்டுவிட்டு, கதிர் பட்டால் ஒளிரும் ஆந்த்ரசீன் படிகங்களுக்கு மாறினார். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பதிவாக வேண்டிய சோதனை என்பதால், ஒவ்வொரு பக்கத்தின் திறனும் கூடும்போது பலன் பெருக்கலாக ஏறும். கண்டுணர்விகள் செங்குத்தாக இருக்கும்போது கிடைத்த எண்ணிக்கை, இணையாக இருக்கும்போது கிடைத்ததைப் போல 2.04 மடங்கு, பிழை 0.08. கோட்பாடு சொன்னது 2.00. இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஏழு வருடம் கழித்து இயற்பியலாளர்கள் போமும் அகரனோவும் இந்த எண்ணை எடுத்துத்தான், தொலைவில் பிரிந்த துகள்களிடமும் குவாண்டம் பின்னல் (ஒன்றின் நிலை மற்றதோடு பிணைந்தே இருப்பது) நிஜமாகவே இருக்கிறது என்று வாதாடினார்கள்.

சரி, இது பெல் சமனிலியை, அதாவது இந்தப் பிணைப்பைச் சாதாரணக் காரணங்களால் விளக்க முடியுமா என்று பார்க்கும் கணித வரம்பை, சோதிக்கவில்லையே என்று சிலர் கேட்பார்கள். உண்மை. பெல் அதை எழுதியதே 1964-இல்தானே! அதன் பிறகும் வூ சும்மா இருக்கவில்லை, 1975-இல் காஸ்டே, உல்மன் இருவரோடு சேர்ந்து இதே அழிவு ஃபோட்டான்களை இன்னும் துல்லியமாக அளந்து வெளியிட்டார். அதே வருடம்தான் அமெரிக்க இயற்பியல் கழகத்தின் முதல் பெண் தலைவர்.

2022-இல் பின்னலுக்காக மூன்று பேருக்கு நோபல் கிடைத்தபோது நான் படித்த கட்டுரைகளில் பாதிக்கு மேல், பெல் சமனிலியைச் சோதித்த 1972-இலிருந்து கதையைத் தொடங்கின. வூ 1997-இலேயே காலமாகிவிட்டார், பரிசுக்கு வழியில்லை. வரலாற்றில் ஒரு வரி எழுதுவதற்கு அந்தத் தடை எதுவும் கிடையாது.