தியேட்டர் வாசலோடு நிற்கும் கம்பளி

எங்கள் பக்கம் பிள்ளைத்தாய்ச்சி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினால் பையில் முதலில் ஏறுவது ஸ்வெட்டரும் காதுக்குக் கட்டும் மப்ளரும்தான். கிளினிக் அட்டைகூட அப்புறம்தான். நுவரெலியா ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரம்; தை, மாசி விடியற்காலையில் புல்லில் பனி உறைந்து கிடக்கும். பிள்ளை பெற்றவளுக்குக் குளிர் ஏறினால் ஜன்னி கண்டுவிடும் என்று பயந்து, வெந்நீர், காயச் சரக்கு, கதவு இடுக்கில் சாக்கு என்று தோட்டத்து லயத்தில் ஒரு குறையும் வைக்க மாட்டார்கள்.

சிசேரியன் என்றால் இத்தனை கவனமும் ஒப்பரேஷன் தியேட்டர் வாசலோடு சரி. ஸ்வெட்டரைக் கழற்றி நம் கையில் தந்துவிட்டு மெல்லிய துணியோடு உள்ளே போகிறாள்.

என் தங்கச்சி வெளியே வந்தபோது பல் கிட்டிப்போயிருந்தது. பிள்ளையை அணைக்க முடியாமல் கை உதறியது. "பயந்துட்டா, சரியாயிடும்" என்றார் ஒருவர். அம்மா ஜன்னியேதான் என்று அழ ஆரம்பித்துவிட்டார். (எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள், பல இடத்தில் இதே கதைதான்.)

முதுகில் போடும் விறைப்பூசி இடுப்புக்குக் கீழே ரத்தக் குழாய்களைத் தளர்த்திவிடும். நெஞ்சிலும் வயிற்றிலும் இருக்கும் சூடு கால்களுக்கு இறங்கி, தோல் வழியாகப் போய்விடும். கால் கதகதப்பாக இருப்பதால் பல பெண்களுக்குக் குளிர்வதே தெரியாது. உள்ளே 36 பாகை செல்சியஸுக்குக் கீழே போயிருக்கும். போதாததற்கு ஏசி, வயிற்றில் தடவும் குளிர்ந்த மருந்து, சேலைன். 21 பாகையில் இருக்கும் ஒரு லீட்டர் சேலைனே உடம்புச் சூட்டைக் கால் பாகை அளவு இறக்கும். மலைநாட்டு ஸ்டோர் அறையில் இராத்திரி முழுக்கக் கிடந்த சேலைன் எவ்வளவு இறக்கும், நீங்களே யோசியுங்கள்.

எல்லா நடுக்கமும் குளிரால் வருவதில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உடம்பு குளிர்ந்தால் ரத்தம் உறைவது தாமதமாகும், காயத்தில் கிருமி தொற்றவும் வாய்ப்புக் கூடும். ரத்தம் குறைவு என்று மாதக்கணக்காக இரும்புக் குளிசை விழுங்கும் எங்கள் கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு, கூடுதலாகப் போகும் ஒவ்வொரு சொட்டும் நட்டம். அவளைச் சூடாக வைத்திருப்பதைப் போய் வெறும் சௌகரியம் என்று ஒதுக்குவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வலிக்கு ஊசி போடுவதைப் போல இதுவும் வைத்தியத்தில் சேர்ந்தது.

அறைச் சூட்டைக் கூட்டினால் போதாதா என்று கேட்கலாம். 2016இல் டெக்சாஸ் ஆய்வொன்று வெளியானது. 20 பாகை தியேட்டரில் பிறந்த பிள்ளைகளில் 50 சதவீதம் பேருக்கு உடம்பு குளிர்ந்திருந்தது. 23 பாகையில் அது 35 ஆனது. நல்ல விஷயம். தாய்மாருக்கோ 77இலிருந்து 69 சதவீதம், அவ்வளவுதான். கவுன் மாட்டி விளக்கடியில் நிற்கும் டொக்டர்மாருக்கு வியர்க்கும் என்பதும் நிஜம். ஆகவே அறையை மட்டும் நம்பிப் பயனில்லை. ஊசி போடுவதற்கு முன்பே, வார்டில் காத்திருக்கும்போதே அவளைப் போர்த்திச் சூடேற்ற வேண்டும். சேலைனை 37 பாகைக்குச் சூடாக்கி ஏற்ற வேண்டும். நெஞ்சுக்கு மேலே சூடான காற்றை ஊதும் போர்வை வேண்டும். நடுங்க ஆரம்பித்த பிறகு கம்பளி தேடுவது பிந்திப்போன வேலை.

வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில்கூட இந்த மலைக்கு வந்தவர்களுக்குக் கம்பளி கொடுத்தார்கள், கடன் கணக்கில் எழுதிக்கொண்டுதான் என்றாலும்.

கொழும்பிலும் மத்திய கிழக்கிலும் உழைக்கும் நம் பிள்ளைகள் ஊர் ஆஸ்பத்திரிக்கு மணிக்கூடும் கதிரையும் பெயர்ப்பலகையோடு வாங்கிக் கொடுப்பதைப் பார்க்கிறேன். அடுத்த தடவை மயக்கமருந்து டொக்டரிடம் போய் சேலைன் சூடாக்கும் பெட்டி இருக்கிறதா, காற்றுப் போர்வை இருக்கிறதா என்று கேளுங்கள். வாங்குவதானால் மெஷினை மட்டும் வாங்கிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு வராதீர்கள். அந்தப் போர்வை ஒருவருக்குப் பாவித்தால் எறிய வேண்டியது. ஒரு வருடத்துக்கு எத்தனை தேவை என்று கேட்டு, அதற்கும் காசு ஒதுக்குங்கள்.