பட்டனை அழுத்தினால் ஸ்வெட்டர் வந்து விழுமா?

"கையாலயா போடுறே? மெஷின்லதானே? அப்போ எனக்கும் ஒண்ணு போட்டு அனுப்பிடு." இனி யாராவது இப்படிச் சொன்னால், அவர்களை இங்கிலாந்தில் நான் இருக்கும் நாட்டிங்ஹாமுக்கு வரவழைத்து இந்த ஸ்வெட்டர் பின்னும் மெஷின் முன்னால் உட்கார வைத்துவிடப் போகிறேன். விமான டிக்கெட் என் செலவு. ஆபீஸில் பக்கத்து சீட், மாடி வீட்டுக்காரர், ஊரில் இருக்கும் சொந்தம் என்று எல்லாரும் ஒரே பாட்டுத்தான் பாடுகிறார்கள். கோயம்புத்தூர் அத்தை வீடியோ காலில் இன்னும் ஒரு படி மேலே போனார்: "நம்ம திருப்பூர்ல மலை மலையாத் தள்ளுறாங்க, உனக்கு ஒண்ணு போட என்ன கண்ணு கஷ்டம்?"

அத்தை, திருப்பூரில் பனியன் துணி ஓட்டுவது கரண்டில் சுற்றும் வட்ட மெஷின். துணி ரோல் ரோலாக வரும், அப்புறம் வெட்டித் தைப்பார்கள். என் வீட்டில் இருப்பது மேஜையில் திருகிப் பொருத்திய ஒரு நீளப் பலகை. 200 ஊசி வரிசையாகப் படுத்திருக்கும். மோட்டார் கிடையாது. ஊசிகள் மேல் கேரேஜ் என்கிற கைப்பிடி வண்டியை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் தள்ளுவது என் தோள்பட்டை. அந்த ஒரு தள்ளலில் ஒரு வரிசை முடிந்துவிடும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மெஷின் செய்கிற வேலை அது ஒன்றுதான். மீதி எல்லாம் என் தலையில்.

முதலில் அளவு. கோனில் சுற்றிவரும் ஷெட்லாந்து கம்பளி நூலில் ஆலை எண்ணெய் இருக்கும். பின்னும்போது கயிறு மாதிரி கிடக்கிற அது, துவைத்த பிறகுதான் உப்பி மெத்தென்று ஆகும், அளவும் மாறும். ஆகவே மாதிரித் துண்டு போட்டு, துவைத்து, காயவைத்து, அப்புறம்தான் ஸ்கேலை வைக்க வேண்டும். நான் வடிவமைத்த டிசைனில் 10 சென்டிமீட்டருக்கு அகலத்தில் 30 கண்ணி (ஒவ்வொரு ஊசியும் போடும் நூல் வளையம்), உயரத்தில் 40 வரிசை வந்தது. இதன் அர்த்தம் என்ன? கண்ணி சதுரம் இல்லை, குள்ளம். கட்டம் போட்ட நோட்டில் 24-க்கு 24 கட்டத்தில் அழகாக வட்டம் வரைந்தால், துணியில் அது 8 சென்டிமீட்டர் அகலமும் 6 சென்டிமீட்டர் உயரமுமாக நசுங்கி நிற்கும். இது தெரியாமல் போட்டோவைக் கட்டங்களாக உடைத்துத் தரும் ஆப்களை எழுதுகிறவர்கள் மேல் எனக்கு வருகிற கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. "உங்கள் டிசைன் தயார்" என்று பச்சை டிக் வேறு போடுகிறார்கள். எது தயார்? லாரி ஏறின பூனையா?

அடுத்தது 24. எந்த ஊசிக்கு எந்தக் கலர் என்பதை ஓட்டை போட்ட அட்டையிலிருந்து படிக்கிற, என்னுடையது போன்ற பஞ்ச் கார்டு மெஷினில் டிசைன் 24 கண்ணி அகலத்துக்குள் அடங்க வேண்டும். இல்லாவிட்டால் 12, 8, 6 என்று 24-ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்ணாக இருக்க வேண்டும். அத்தை மயில் கேட்டார். சரி, 24 அகலத்தில் ஒரு மயில் வரைந்தாயிற்று. அத்தையின் சுற்றளவுக்கு ஸ்வெட்டர் 104 சென்டிமீட்டர் வேண்டும். முன்பக்கம் அதில் பாதி, 52. கணக்குப் போட்டால் 156 கண்ணி. 24-ஆல் வகுத்துப் பாருங்கள். ஆறு மயில், அப்புறம் ஒரு அரை மயில்! தலையும் கழுத்தும் அக்குளுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். ஆறே மயில் என்றால் ஸ்வெட்டர் 96-க்கு இறங்கும், ஏழு என்றால் 112-க்கு ஏறும். நடுவில் நிற்க வேண்டுமா? நூல் இறுக்கத்தை மாற்று, நூலை மாற்று, மறுபடி மாதிரித் துண்டு, மறுபடி துவை.

அதிலும் நாலு கலரில் மயிலாம். இந்த மெஷினில் ஒரு வரிசைக்கு இரண்டு கலர்தான் ஓடும். ஒரு கலர் முன்னால் கண்ணியாகும்போது இன்னொன்று பின்பக்கம் சும்மா நீண்டு கிடக்கும். இதற்கு ஃப்ளோட் என்று பெயர். ஸ்காட்லாந்தின் வடக்கே ஃபேர் ஐல் தீவுப் பெண்கள் வரிசைக்கு இரண்டே கலரில் சின்னச் சின்ன சாய்கோடுகளாகவும் கட்டங்களாகவும் போட்டுப் போட்டு ஒரு மரபையே உண்டாக்கினார்கள் என்றால், அது வெறும் அழகுக்காக மட்டும் இல்லை. கலர் அடிக்கடி மாறினால் ஃப்ளோட் குட்டையாக இருக்கும், விரல் மாட்டாது, துணி சுருங்காது. மூளையோடு செய்த டிசைன் அது. நான் மயிலைத் தூக்கிப் போட்டுவிட்டு நம் புடவைக் கோபுரக் கரையை எடுத்தேன். 12 கண்ணிக்கு ஒரு கோபுரம், 156-ல் மிச்சமில்லாமல் பதின்மூன்று. பார்க்க எவ்வளவு எளிமை! ஆனால் அடிவரிசையில் 11 கண்ணி ஒரே அரக்கு. அந்த 11-க்கும் பின்னால் மஞ்சள் நூல் கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டருக்குத் தொங்கும். கையை நுழைத்தால் மோதிரம் மாட்டி, முன்பக்கக் கோபுரம் குடமுழுக்குக்கு முன்னாலேயே சரியும். அதனால் கோபுரத்துக்குள் ஒவ்வொரு மூன்று கண்ணிக்கும் ஒரு மஞ்சள் புள்ளி. "எதுக்கு அங்கங்கே புள்ளி?" என்று கேட்டார்கள். ஜன்னல்.

"கம்ப்யூட்டரில் இணைக்கிற மெஷின் வாங்க வேண்டியதுதானே?" என்பது அடுத்த மேதாவி. வாங்கினால் 24 தொல்லை தீரும், ஒத்துக்கொள்கிறேன். கண்ணி சதுரமாகிவிடுமா? ஃப்ளோட் குட்டையாகிவிடுமா?

கார்டில் ஓட்டை போடுவதையும் சொல்லிவிடுகிறேன். விறைப்பான பிளாஸ்டிக் அட்டை, 24-க்கு 60, அதாவது 1,440 இடம். கையடக்கப் பஞ்சால் ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும். இதில் இன்னொரு கூத்து: கண் முன்னால் தெரிகிற வரிசையை மெஷின் படிக்காது. என் மெஷினில் அது படிப்பது உள்ளே ஏழு வரிசை கீழே. டிசைன் ஓரிடத்தில் தப்பாக வந்தால், கார்டில் எந்த ஓட்டை என்று தேட ஏழைக் கூட்டிக் கழித்துக்கொண்டே உட்கார வேண்டும்.

கழுத்துக்கு வந்தால் அழுகையே வரும். ஒரு தோளைப் பின்னும்போது மறு தோளின் ஊசிகளைத் தள்ளி நிறுத்தி வைக்க வேண்டும். முதல் தோள் முடிந்ததும், கார்டை அதே வரிசைக்குத் திருப்பி, கேரேஜை அதே பக்கத்திலிருந்து கிளப்ப வேண்டும். ஒரு வரிசை பிசகினால் இடது தோளில் கோபுரம், வலது தோளில் குட்டிச்சுவர். பிரித்தால் நூலோடு சேர்த்து கார்டையும் பின்னோக்கிச் சுற்ற வேண்டும். ஊசிகளை அழுத்திப் பிடிக்கும் பட்டைக்குள் இருக்கிற ஸ்பாஞ்ச் நைந்திருந்தால் கண்ணி நழுவிக் கடகடவென்று கீழே ஓடும்.

1589-ல் வில்லியம் லீ காலுறை பின்னும் மெஷினைக் கண்டுபிடித்தது இதே நாட்டிங்ஹாம்ஷயரில், கால்வர்ட்டன் கிராமத்தில். 1811-ல் லட்டைட்டுகள் என்ற தொழிலாளர்கள் அந்த மாதிரி மெஷின்களைச் சம்மட்டியால் அடித்து நொறுக்கியதும் இதே மாவட்டத்தில்தான். அவர்களுடைய கோபம் கூலியைக் குறைத்து மட்டச் சரக்கு தயாரித்த முதலாளிகள் மேல். எனக்கு அவ்வளவு பெரிய கொள்கை எல்லாம் இல்லை. கழுத்து பின்னுகிற ராத்திரிகளில் சம்மட்டி எங்கே கிடைக்கும் என்று மட்டும் யோசிப்பேன்.

இவ்வளவும் முடித்து, தோள் சேர்த்து, கை வைத்து, பக்கவாட்டில் கோபுரத்துக்குக் கோபுரம் பொருந்தக் கையாலேயே தைத்து நீட்டினால், வாங்கின கை முதலில் செய்கிற வேலை உள்பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பது. "ஐயோ, பின்னாடி நூலெல்லாம் இழுத்துக்கிட்டு நிக்குதே, கத்தரிச்சு விட்டுடவா?"

கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள். அதை வெட்டினால் முன்பக்கமும் அவிழும். மெதுவாக, அந்த மேஜை மேல், கீழே வையுங்கள்.