அறிவித்தல் மட்டும்

கொழும்பு வெள்ளவத்தையில் 48 வீடுகள் கொண்ட தொடர்மாடி ஒன்றில் ஐந்து ஆண்டுகளாகத் தனியே குடியிருக்கும் எனக்கு, எதிர்வீட்டுக்காரரின் பெயர் இன்னும் தெரியாது. அவர் வீட்டுக் குக்கர் எத்தனை மணிக்கு விசிலடிக்கும் என்பது மட்டுமே தெரியும். சென்ற கிழமை ஒருநாள், கூச்சத்தை அடக்கிக்கொண்டு, எங்கள் தொடர்மாடியின் வாட்ஸ்அப் குழுவில் இப்படி எழுதினேன்: “மாலை ஐந்தரைக்கு மரைன் டிரைவ் பக்கம் நடக்கப் போகிறேன். கதைத்தபடி நடக்க விருப்பமுள்ளவர்கள் வரலாம்.”

நான்கே நிமிடங்களில் நிர்வாகச் செயலாளரின் பதில் வந்தது. இது தண்ணீர், லிப்ட், பராமரிப்புக் கட்டணம் ஆகியவற்றுக்கான குழுவாம். தனிப்பட்ட விடயங்களைத் தவிர்க்க வேண்டுமாம். அதன் கீழே பதினொரு கட்டைவிரல்கள் உயர்ந்து நின்றன. என்னோடு கால் மணி நேரம் நடக்க ஒருவருக்கும் நேரமில்லாத கட்டடத்தில், என்னைக் கண்டிப்பதை ஆமோதிக்கப் பதினொரு பேர் கைபேசியும் கையுமாகக் காத்திருந்திருக்கிறார்கள்!

அதோடு விட்டாரா? இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்துவிட்டதால் குழுவில் யார் எதை எழுதினாலும் நிர்வாகியின் தலையில்தான் விடியும் என்று ஒரு குரல்பதிவும் அனுப்பினார். 2024 ஜனவரி 24ஆம் திகதி பாராளுமன்றத்தில் 108 பேர் ஆதரித்தும் 62 பேர் எதிர்த்தும் நிறைவேறிய அந்தச் சட்டம் கருத்துச் சுதந்திரத்தை நெரிக்கும் என்று அப்போதே பலர் எச்சரித்தார்கள், நானும் அதை நம்புகிறவள்தான். ஆனால் நடைத்துணை தேடுவது எந்தப் பிரிவின் கீழ்க் குற்றம் என்பதைச் செயலாளர் ஐயாதான் விளக்க வேண்டும். பப்பாளி இலைச்சாறு குடித்தால் டெங்கு ஒரே இரவில் பறந்துவிடும் என்று அதே குழுவில் மூன்று முறை வந்த செய்திக்கு அவரே பூங்கொத்துப் போட்டார். பொய் தாராளமாக உலாவலாம், மனிதர் மட்டும் மனிதரைக் கூப்பிடக் கூடாது என்றால் இது என்ன நியாயம்?

இந்த நாட்டில் பேச்சை அடைப்பது புதிதில்லை. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி, ஊரடங்கில் எல்லோரும் வீட்டுக்குள் கிடந்த நாளிலேயே, சமூக ஊடகங்களை முடக்கினார்கள். அன்று அரசைத் திட்டினேன். இன்று பூட்டுப் போடுவது என் சொந்த மாடிக்காரர்கள். யாரிடம் போய்த் திட்டுவது?

“வெளியே போய் ஆட்களோடு பழகுங்கள்” என்று டொரொண்டோவிலிருந்து மகன் சொல்கிறான். எங்கே போக? 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் நடைதூரத்தில்தான் இருக்கிறது. அதன் நூலகத்தை நான் மதிக்கிறேன், ஆனால் நூலகத்தில் கதைக்கவா முடியும்? காலிமுகத்திடலுக்கு 100ஆம் இலக்க பஸ்ஸில் போனால், குடும்பம் குடும்பமாக இஸ்ஸு வடை சாப்பிடுகிறவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். குளிரூட்டிய கடைகளில் கோப்பை காலியானதும் பையன் வந்து மேசையைத் துடைக்கத் தொடங்கிவிடுகிறான். எங்கள் கீழ்த்தளத்தில் காவலாளிக்குப் பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள் இருந்தன. வேலைக்கு வரும் பெண்களும் நானும் அதில் அமர்ந்து ஊர்க்கதை பேசுவோம். கட்டடத்தின் தோற்றம் கெடுகிறது என்று அவற்றையும் தூக்கிவிட்டார்கள். மொட்டைமாடிச் சாவி யாரிடம் என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுவதாக உலக சுகாதார அமைப்பு 2025 ஜூனில் அறிக்கை வெளியிட்டது. வீட்டுக்கு ஒருவர் என்று கணக்கிட்டாலும் எங்கள் மாடியில் எட்டுப் பேர் இருக்க வேண்டும். என்னைத் தவிர்த்தால் ஏழு. அந்தப் பதினொரு கட்டைவிரல்களில் அவர்களுடையவை எத்தனையோ, யார் கண்டது?

நாளையும் ஐந்தரைக்கு வாயிற்கதவடியில் நிற்பேன். இதைக் குழுவில் போடலாமென்று பார்த்தால், நேற்று இரவிலிருந்து அங்கே நிர்வாகிகள் மட்டும்தான் எழுத முடியுமாம்.