அம்மாவின் ஃபைலை யார் யார் திறந்தார்கள்?

அம்மா மருத்துவமனையில் இருந்த நான்காவது நாள். கட்டிலின் கால்மாட்டில் ஒரு அட்டையில் கேஸ் ஷீட்டைக் கோத்து மாட்டியிருப்பார்கள். நலம் விசாரிக்க வந்த உறவினர் ஒருவர், பேச்சு ஓய்ந்த நேரத்தில் அதைக் கையில் எடுத்தார். வாரப் பத்திரிகையைப் புரட்டுவது போல ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். நான் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருவதற்குள் படித்து முடித்து, எடுத்த இடத்திலேயே மாட்டியும் விட்டார்.

அந்த ஃபைலில், தற்போது எடுத்துக்கொள்ளும் மருந்துகள் என்ற இடத்தில், அம்மா ஆறு வருடங்களாக மனச்சோர்வுக்குச் சாப்பிட்டு வரும் மாத்திரையின் பெயர் இருந்தது. அது அம்மாவுக்கும் எனக்கும் அவருடைய டாக்டருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். மறுநாள் காலையிலிருந்து போன் வர ஆரம்பித்தது. "அம்மாவுக்கு மனசு சரியில்லையாமே?"

அம்மா யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் சில மாதம் கழித்து முதுகுவலிக்காக வேறொரு டாக்டரிடம் போனோம். "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களாம்மா?" என்று அவர் கேட்டார். "இல்ல டாக்டர்" என்று அம்மா சட்டென்று சொல்லிவிட்டார். டாக்டர் ட்ராமடால் எழுத ஆரம்பித்தார். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பலவற்றோடு அந்த வலி மாத்திரை சேர்ந்தால் உடலில் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் அளவு மீறலாம், வலிப்புகூட வரலாம். அது எனக்குத் தெரிந்திருந்ததால் வாய் திறந்தேன். டாக்டர் அந்தச் சீட்டைக் கிழித்துவிட்டு வேறு எழுதினார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மா என்னோடு பேசவில்லை. அவருடைய ரகசியத்தை இந்த முறை உடைத்தது நான். அவருக்குக் கோபம் வந்தது நியாயம்தான்.

நோயாளியின் ரகசியம் என்றால் ஏதோ மானம், கௌரவம் சம்பந்தப்பட்ட விஷயம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். இல்லை, அது சிகிச்சையின் ஒரு பகுதி. சொன்னது வெளியே போகாது என்ற நம்பிக்கை இருந்தால்தான் நோயாளி உண்மையைச் சொல்வார். உண்மை தெரிந்தால்தான் டாக்டர் சரியான மருந்து எழுத முடியும். ஏறக்குறைய 2,400 வருடங்களுக்கு முந்தைய, டாக்டர்களுக்கான ஹிப்போகிரட்டஸ் உறுதிமொழியிலேயே, சிகிச்சையின்போது தெரியவந்ததை வெளியே பேச மாட்டேன் என்ற வாக்கு இருக்கிறது.

இந்தப் பேச்சை எடுத்தாலே எல்லோருக்கும் ஹேக்கர்கள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். அந்தப் பயம் பொய்யில்லை. ஃபின்லாந்தில் வஸ்தாமோ என்ற மனநல ஆலோசனை நிறுவனத்தின் பதிவுகளைத் திருடிய ஆள், 2020-இல் நோயாளிகளுக்கே மின்னஞ்சல் அனுப்பிப் பணம் கேட்டான். ஆலோசகரிடம் மூடிய அறைக்குள் அழுதுகொண்டே சொன்னதையெல்லாம் இணையத்தில் போட்டுவிடுவேன் என்று மிரட்டினான்.

ஆனால் அம்மாவின் ஃபைலைத் திறந்தது ஹேக்கர் இல்லையே. பெரும்பாலும் ரகசியம் கசிவது உள்ளேயிருந்துதான், அதுவும் பெரிய கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல். சும்மா ஒரு ஆர்வம். பக்கத்து வீட்டுக்காரர் அட்மிட் ஆகியிருக்கிறாரே, என்னவாம் என்று பார்ப்போம் என்ற ஆர்வம்.

அதே ஃபின்லாந்தில் நடந்த இன்னொரு வழக்கு என் மனதை விட்டுப் போவதே இல்லை. ஒரு நர்ஸ், அரசு மருத்துவமனையில் கண் சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தார். அவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருந்தது. அதே மருத்துவமனையின் இன்னொரு பிரிவில் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தார். 1992 வாக்கில், கூட வேலை செய்பவர்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டதோ என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. அப்போது அங்கே ஊழியர்கள் நோயாளிகளின் பதிவேட்டைத் தடையில்லாமல் பார்க்க முடிந்தது. என் பதிவை யார் யார் பார்த்தார்கள் என்று அவர் கேட்டார். சொல்ல முடியாது என்று பதில் வந்தது. ஏனென்றால் அந்தக் கணினி முறை கடைசி ஐந்து முறை திறந்ததை மட்டும்தான் வைத்திருக்கும். அதிலும் எந்தப் பிரிவு திறந்தது என்றுதான் இருக்கும், ஆள் பெயர் இருக்காது. ஃபைல் காப்பகத்துக்குத் திரும்பியதும் அதுவும் அழிந்துவிடும்.

நிரூபிக்க முடியாததால் உள்நாட்டு நீதிமன்றங்களில் அவர் தோற்றார். 2008-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பார்த்தவர் யார் என்ற தடத்தையே வைத்துக்கொள்ளாத மருத்துவமனை, அதை நிரூபிக்கும் சுமையை நோயாளியின் தலையில் போட முடியாது என்பதுதான் அதன் சாரம். கசிந்த பிறகு நஷ்டஈடு கொடுப்பது போதாது, தேவையில்லாதவர் முதலிலேயே திறக்க முடியாதபடி பாதுகாப்பு இருந்திருக்க வேண்டும் என்றும் சொன்னது.

போர்ச்சுகலில் ஒரு மருத்துவமனைக்கு 2018-இல் நான்கு லட்சம் யூரோ அபராதம் போட்டார்கள். அங்கே வேலை செய்த டாக்டர்கள் 296 பேர். கணினியில் டாக்டர் என்ற தகுதியோடு உள்ளே போகக்கூடிய கணக்குகள் 985. வேலையை விட்டுப் போனவர்களின் கணக்கை யாரும் மூடவில்லை என்றால் இப்படித்தான் ஆகும்.

சரி, அப்படியானால் எல்லாவற்றையும் பூட்டி வைத்துவிடலாமா? கூடாது. மயங்கிய நிலையில் ஒருவரைத் தூக்கிக்கொண்டு வரும்போது, பெனிசிலின் ஒவ்வாமை இருக்கிறதா என்று அந்த டாக்டருக்கு அந்த நிமிடமே தெரிய வேண்டும். அவசரத்துக்குக் காரணத்தைப் பதிவு செய்துவிட்டு உடனே திறக்கும் வழி நல்ல மென்பொருள்களில் ஏற்கெனவே இருக்கிறது. ஆராய்ச்சிக்கும் இந்தப் பதிவுகள் வேண்டும். தட்டம்மை உள்ளிட்ட நோய்களுக்குக் குழந்தைகளுக்குப் போடும் எம்.எம்.ஆர். தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்று பீதி கிளம்பியபோது, டென்மார்க்கில் 5,37,303 குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து, அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை என்று 2002-இல் சொன்னார்கள். பதிவுகள் இல்லையென்றால் அதை எங்கே போய்த் தேடுவது? என் பதிவு அப்படி ஒரு வேலைக்குப் பயன்படும் என்றால் மனமுவந்து கொடுப்பேன். பெயரை மட்டும் அழித்துவிட்டால் போதும் என்று நினைக்கக் கூடாது, அவ்வளவுதான். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், பெயர் நீக்கிய மருத்துவப் பதிவுகளை வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டு, பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு இந்த மூன்றை வைத்தே ஆளுநருடைய பதிவைக் கண்டுபிடித்துக் காட்டினார் லட்டானியா ஸ்வீனி என்ற கணினி ஆராய்ச்சியாளர். 1990-களிலேயே.

நாம் ஒருமுறை மருத்துவமனைக்குப் போனால் நம் பதிவு நர்ஸ், ஆய்வகம், ஸ்கேன் அறை, மருந்தகம், பில் போடுபவர், காப்பீட்டு நிறுவனம் என்று எத்தனையோ கைகளுக்குப் போகிறது. போகத்தான் வேண்டும். ஆனால் பில் போடுபவருக்கு எந்தப் பரிசோதனை செய்தார்கள் என்று தெரிந்தால் போதும். என் குடும்பச் சண்டையைப் பற்றி நான் டாக்டரிடம் சொன்னது அவருக்கு எதற்கு? அவரவர் வேலைக்கு வேண்டிய பக்கம் மட்டும் அவரவருக்குத் திறந்தால் போதும்.

இதற்கெல்லாம் மேலே எனக்கு வேண்டியது ஒன்று இருக்கிறது. என் பதிவை யார், எந்த நாள், எத்தனை மணிக்குத் திறந்தார்கள் என்பதை நான் பார்க்க முடிய வேண்டும். அந்த நர்ஸ் கேட்டதும் இதைத்தான். நடக்காத காரியம் இல்லை. எஸ்டோனியாவில் நோயாளி தன் கணக்குக்குள் போய், தன் பதிவைப் பார்த்தவர்கள் யார் என்று தானே தெரிந்துகொள்ளலாம். தன் பெயர் நோயாளியின் கண்ணில் படும் என்று தெரிந்தால், சும்மா ஒரு பார்வை பார்க்க நினைக்கும் கை கொஞ்சம் யோசிக்கும்.

கட்டிலில் தொங்கும் காகிதத்துக்கு அந்தத் தடம் இருக்காதுதான். அதை நர்ஸ் மேஜைக்குள் வைத்துப் பூட்டினாலே பாதி பிரச்சினை தீரும். இதற்குக் கணினிகூட வேண்டாம்.

அடுத்த வாரம் அம்மாவைப் பரிசோதனைக்கு அதே மருத்துவமனைக்குக் கூட்டிப் போகிறேன். அவருடைய பதிவை இதுவரை திறந்தவர்களின் பட்டியல் வேண்டும் என்று கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். இந்த முறை அம்மாவிடம் முதலிலேயே கேட்டேன். படித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். இந்தக் கட்டுரையையும் அவர் படித்து, போடு என்று சொன்ன பிறகுதான் போடுகிறேன். என்ன பதில் வருகிறது என்று இங்கேயே எழுதுகிறேன்.