அந்த அலைக்குளம் வீடியோவை இன்னும் பகிர்ந்துகொண்டிருக்கிறவர்களுக்கு

எந்த வீடியோ என்று சொல்ல வேண்டியதில்லை. பொழுதுபோக்குப் பூங்காவில், செயற்கை அலை எழும் குளத்து மேடையில், பதிவு செய்த பின்னணி இசைக்கு (டிராக்) ஒரு பெண் பாடுகிறாரே, அதுதான். எல்லார் வாட்ஸ்ஆப்பிலும் ஓடுகிறது. மேல் ஸ்தாயியில் குரல் உடைகிறது, அந்தப் பெண் மைக்கைத் தாழ்த்தித் தண்ணீர் குடிக்கிறார், கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். நம்ம குடியாத்தம் பக்கத்துப் பெண் என்று தெரிந்த பிறகும் வேலூர், ஆற்காடு, ராணிப்பேட்டை குழுக்களில்தான் அது அதிகமாகச் சுற்றுகிறது. அதுதான் வலிக்கிறது.

அது பாடத் தெரியாத குரல் இல்லை. ஒரே நாளில் ஐந்தாவது முறையாக மேடை ஏறிய குரல்.

கணக்கைப் பாருங்கள். நம்ம ஊர் திருவிழா மெல்லிசைக் கச்சேரியில் நாலைந்து பாடகர்கள் இருப்பார்கள். மூன்று நாலு மணி நேரம் நடந்தாலும் ஒருவர் பங்குக்கு ஆறேழு பாட்டு வரும். பாட்டுக்கு நாலரை நிமிஷம் வைத்தால் மொத்தம் அரை மணி நேரம். நடுவில் கீபோர்டு தனி ஆவர்த்தனம், பலகுரல், அன்பளிப்பு அறிவிப்பு என்று தொண்டைக்கு ஓய்வு கிடைத்துக்கொண்டே இருக்கும். பூங்காவில் அரை மணி நேர ஷோ ஒன்றையே ஒருத்தர் முழுசாகப் பாட வேண்டும். அப்படி ஐந்து ஷோ என்றால் இரண்டரை மணி நேரம், முப்பது பாட்டுக்கு மேல், தனி ஆளாக. மறுநாளும் அதே. சனி ஞாயிறு விடுப்பு கேட்கவே முடியாது, கூட்டம் வருவதே அன்றைக்குத்தான்.

"பாட்டு போட்டுட்டு வாயசைக்கிறாங்க, அதுலயும் தப்பு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அண்ணே, வாயசைத்திருந்தால் குரல் எப்படி உடையும்? உடைந்த அந்த நொடிதான் அவர் நிஜமாகப் பாடினார் என்பதற்குச் சாட்சி. இரண்டு குரல் கேட்டதாகச் சொல்கிறீர்களே, அது டிராக்கிலேயே இருக்கிற கோரஸ். கரோக்கியில் முதன்மைப் பாடகரின் குரலான முன்குரலை எடுத்துவிட்டுக் கோரஸை விட்டுவைப்பது வழக்கம். பூங்கா ஊர்வல வண்டியில் மட்டும் முன்குரலையும் சேர்த்து ஓட்டுகிற இடங்கள் உண்டு. அதற்கும் காரணம் இருக்கிறது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். ஸ்பீக்கரிலிருந்து 34 மீட்டர் தள்ளி நடந்துபோகிற பாடகர் காதில் இசை பத்தில் ஒரு நொடி தாமதமாக விழும். நிமிஷத்துக்கு 120 அடி ஓடுகிற குத்துப்பாட்டில் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே அரை நொடிதான். அதில் பத்தில் ஒரு பங்கு நொடி பிந்தினால் தாளம் விட்டது விட்டதுதான். எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும் தப்ப முடியாது.

அலைக்குளத்து மேடையை இதற்கு முன்னால் யாராவது கவனித்துப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு பெரிய ஸ்பீக்கரும் கூட்டத்தைப் பார்த்து நிற்கும். பாடுகிறவர் அதற்குப் பின்னால். பேஸ் என்கிற அடி ஓசை எல்லாப் பக்கமும் பரவும். ஸ்வரத்தைப் பிடிக்க உதவுகிற மேல் ஓசையோ ஸ்பீக்கர் பார்க்கிற திசைக்குத்தான் போகும். ஆக அவர் காதுக்கு வருவது வெறும் டம் டம். தன் குரலே தனக்குச் சரியாகக் கேட்காது. மேடையில் அவரைப் பார்த்து ஒரு மானிட்டர் ஸ்பீக்கர் வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், மேடைத் தரையில் ஒன்றுமே இல்லை. மானிட்டர் வைத்தால் மைக் கீ என்று கத்துமே என்பார்கள். மைக்கின் பின்பக்கத்துக்கு நேராக வைத்தால் கத்தாது, ஏனென்றால் மேடை மைக்குகள் பின்பக்க ஓசையைக் குறைவாகத்தான் வாங்கும். பாடுகிறவரும் மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடிக்கக் கூடாது. பொத்தினால் அந்தக் குணம் போய்விடும், உடனே கத்தும். ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தால் போதும். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

சத்தத்துக்கு நடுவே பாடினால் மனிதக் குரல் தானாகவே உயரும். இதை லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911லேயே எழுதியிருக்கிறார். அலை வரப்போகிறது என்று சைரன் ஊதும், ஆயிரம் பேர் கத்துவார்கள், பாடுகிறவரும் தன்னை அறியாமல் கத்துவார். கூடவே குளத்து மேடைக் காற்றில் குளோரின் நெடி. சுவாசக் குழாயை அது எரிச்சலாக்கும். கத்திரி வெயில், ஜிகினா வைத்த பாலியஸ்டர் உடை, வேர்வையில் போகிற நீர். இதையெல்லாம் தாண்டித்தான் மேல் ஸ்தாயிக்குப் போக வேண்டும்.

அந்தப் பாட்டே ஆண் குரல் பாட்டு. கட்டை என்பது சுருதியின் அளவு, எண் ஏறினால் சுருதியும் ஏறும். ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையில் பாடுவார்கள், பெண்களுக்கு ஐந்து, ஐந்தரை. டிராக்கின் சுருதியை மாற்றலாம்தான். ஆனால் நிறைய ஏற்றி இறக்கினால் டிரம்ஸ் குழைந்துபோகும், பிறகு கூட்டம் ஆடாது. அதனால் டி.ஜே. தொட மாட்டார். பாடுகிற பெண் பல்லவியை அடிக்குரலில் முனகிவிட்டு, சரணத்தில் ஒரு ஸ்தாயி மேலே தாவ வேண்டும். தாவுகிற அந்த இடத்தில்தான் உடைந்தது. இசை தெரிந்தவர்கள் கேட்டாலே சொல்வார்கள். தெரியாதவர்கள்தான் சிரித்தீர்கள்.

இன்னொரு பெரியவர், "நம்ம வட ஆற்காட்டுக் கூத்துக்காரன் மைக்கே இல்லாம விடிய விடியப் பாடுவான், இதெல்லாம் ஒரு வேலையா" என்று கேட்டிருக்கிறார். இதற்கு நிதானமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இது கூத்துக்கும் செய்கிற அநியாயம். கூத்துக்குப் பேர்போன புரிசைக் கிராமம் முதல் இந்தப் பக்கம் வரை எந்தக் கூத்தையும் பாருங்கள். வேஷக்காரர் ஒரு அடி பாடினால் பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். அந்த நேரம் அவருக்கு மூச்சு. முகவீணையும் ஆர்மோனியமும் சுருதியைக் காதோரத்திலேயே பிடித்துக்கொண்டிருக்கும். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வந்து சிரிக்க வைக்கும்போது ராஜா ஓரமாக உட்கார்ந்து சோடா குடிப்பார். பாரதக் கூத்தில் அர்ச்சுனன் தபசு மரம் ஏறுகிற இரவில் துரியோதனனுக்கு வேலை குறைவு, அவன் வீழ்கிற படுகளத்தன்று அவருக்கே எல்லாம். நூற்றாண்டுக் கணக்கில் ஆடி ஆடி, குரலைக் காப்பாற்றுகிற ஏற்பாட்டைக் கூத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். விடிந்ததும் கூத்துக்காரர் தூங்குவார். பூங்காப் பாடகருக்குப் பின்பாட்டும் இல்லை, கட்டியங்காரனும் இல்லை, மதியம் மூன்று மணிக்குச் சுருள ஒரு பாயும் இல்லை. கூத்தைக் காட்டி இவர்களை அடிக்காதீர்கள்.

"காசு கொடுத்து வந்தவன் குறை சொல்லக் கூடாதா?" சொல்லுங்கள். நிர்வாகத்திடம் சொல்லுங்கள்.

"உலகம் பூரா பூங்கா வேலை இப்படித்தான்" என்பது பொய். அமெரிக்காவில் புளோரிடாவின் எப்காட் பூங்காவில் 1982 முதல் 'வாய்சஸ் ஆஃப் லிபர்ட்டி' என்ற குழு பாடுகிறது. ஒரு குவிமாட மண்டபத்துக்கு நடுவில் பல குரல்கள் சேர்ந்து, வாத்தியம் இல்லாமல் பாடுவார்கள். குவிமாடமே குரலைத் திருப்பிக் கொடுத்துவிடும், கத்த வேண்டாம். கலிபோர்னியா டிஸ்னிலாந்தில் வேஷக் கலைஞர்களும் ஊர்வலக் கலைஞர்களும் 2024இல் வாக்களித்து, நாடகக் கலைஞர்களின் தொழிற்சங்கத்தில் சேர்ந்தார்கள். அங்கேயும் கேட்காமல் எதுவும் கிடைக்கவில்லை. நம்ம பக்கம் கேட்டால் என்ன பதில் வரும்? "உன்ன விட்டா ஆள் இல்லையா?"

இருக்கிறார்கள், அதுதான் கொடுமை. காட்பாடி ஸ்டேஷனில் சாயங்காலம் போய் நில்லுங்கள். சென்னைக்கும் பெங்களூருக்கும் பையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களில் பாட்டுக்காரர்களும் இருப்பார்கள். சம்பளம் ஷோ கணக்கில். மழை வந்து ஷோ நின்றால் அன்றைக்குக் காசு இல்லை. ஐப்பசி கார்த்திகையில் அழைப்பே குறைவு. சித்திரை வைகாசியில் பூங்காவில் கூட்டம் பிதுங்கும். அதே வைகாசி முதல் தேதிதான் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, சுற்றுவட்டாரம் முழுக்கக் கச்சேரி. சொந்த ஊரில் சொந்த ஜனங்கள் முன்னால் பாடுவதா, ஒப்பந்தத்தைக் காப்பாற்றுவதா என்று வருஷா வருஷம் தேர்ந்தெடுக்க வேண்டும். ஊரில் பாடாதவளை ஊர் மறந்துவிடும். இப்போது நினைத்துக்கொண்டது, ஒரு உடைந்த ஸ்வரத்துக்காக.

"பிடிக்கலைன்னா வேற வேலை பார்க்கட்டும்." பத்து வருஷம் சாதகம் பண்ணிய தொண்டையைக் கழற்றி வைத்துவிட்டு எங்கே போவது? தோல் தொழிற்சாலை வேலைக்கும் ஜவுளிக்கடை வேலைக்கும் போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் இப்படிச் சொல்லிப் பாருங்கள்.

இந்தச் சண்டை நடுவே இன்பாக்ஸில் நாலைந்து பிள்ளைகள் பூங்கா வேலைக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறார்கள். போங்கள். கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். நீங்கள் பாடியதைப் பதிவு பண்ணும் உரிமை, பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டப்படி கலைஞராகிய உங்களுடையது. 50 வருஷத்துக்கு இருக்கிறது, 2012 திருத்தத்தில் இன்னும் தெளிவாக்கியிருக்கிறார்கள். அதை மொத்தமாக எழுதிக் கொடுக்கச் சொல்லி ஒரு வரி இருக்கும். கொடுத்துவிட்டால் உங்கள் குரலை டிராக்கில் போட்டுக்கொண்டு உங்களையே வீட்டுக்கு அனுப்பலாம். வரி என்று பத்து சதவீதம் பிடித்தால் அதற்கான சான்று கேட்டு வாங்குங்கள், கணக்குத் தாக்கல் செய்தால் திரும்பக் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஒரு நாளைக்கு எத்தனை ஷோ, மாற்றுப் பாடகர் யார், மானிட்டர் உண்டா என்று வாயால் பேசாமல் எழுத்தில் கேளுங்கள்.

தொண்டை கட்டினால் மெந்தால் மிட்டாயைப் போட்டு மரத்துப்போக வைத்துப் பாடாதீர்கள். வலி தெரியாமல் இன்னும் கிழிப்பீர்கள். கிசுகிசுவென்று பேசுவதும் ஓய்வாகாது, வாயை மூடி இருங்கள். மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள், நம்ம வேலூரில் அதற்குப் பஞ்சமில்லை. குரல்நாணைக் கேமரா விட்டுப் பார்ப்பார்கள், சில நிமிஷ வேலை. குரல்நாணில் விழுகிற முடிச்சு சின்னதாக இருக்கும்போதே தெரிந்தால் பெரும்பாலும் ஓய்விலும் குரல் பயிற்சியிலும் கரைந்துவிடும், கத்தி தேவைப்படாது. அந்த ஓய்வு நாட்களுக்குச் சம்பளம் உண்டா இல்லையா என்பதையும் அதே ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.