கொடி வேண்டாம் என்று சொன்னது நாங்கள்தான்

அந்த வீடியோவை எனக்கே பலபேர் அனுப்பிவிட்டார்கள். "இது உங்க பெரியப்பா வீடுதானே?" என்று ஒரு கேள்வி வேறு. ஆமாம், எங்கள் பெரியப்பா வீடுதான். அவர் இறந்த அன்று ஒருவர் தேசியக் கொடியைக் கொண்டுவந்து உடல்மேல் போர்த்தப் பார்த்தார், நாங்கள் தடுத்தோம், அதைப் படம் பிடித்துப் போட்ட வீடியோ அது. "நாட்டுக்காக உழைத்த ராணுவ வீரருக்குத் தேசியக் கொடி போர்த்த மறுத்த குடும்பம்" என்று தலைப்புப் போட்டிருக்கிறாரே வீடியோ போட்ட தம்பி, அந்தக் குடும்பமும் நாங்களேதான். கொடி வேண்டாம் என்று சொன்னோம். நாளைக்கு வந்து கேட்டாலும் அதையேதான் சொல்வோம்.

முதலில் சட்டத்தைப் பேசிவிடலாம், ஏனென்றால் கமெண்டில் எல்லோரும் திடீரென்று வக்கீலாகிவிட்டார்கள். தேசியச் சின்னங்களை அவமதிப்பதைத் தடுக்கும் சட்டம் என்று 1971இல் ஒன்று வந்தது. அரசு மரியாதையோடு நடக்கும் இறுதிச் சடங்கு, ராணுவமோ துணை ராணுவமோ நடத்தும் இறுதிச் சடங்கு, இவை தவிர வேறு எங்கும் கொடியைப் போர்வையாகப் போர்த்தினால் அது அவமதிப்பு. மூன்று ஆண்டு வரை சிறை. பெரியப்பாவுக்கு நடந்தது வீட்டுச் சடங்கு. பாடை கட்டியது பக்கத்துத் தெருப் பையன்கள். அங்கே கொடிக்கு வேலையில்லை. வேண்டாம் என்று சொன்னவன் அவமதித்தவனாம், ஆகஸ்ட் மாதம் வாசலில் குத்தி வைத்த பாலியஸ்டர் கொடியைக் குச்சியிலிருந்து உருவிக்கொண்டு வந்தவர் தேசபக்தராம்.

அதையும் எப்படிப் பிடித்துக்கொண்டு நின்றார் என்று வீடியோவில் நிறுத்திப் பாருங்கள். பச்சை தலைப்பக்கம். காவிதான் தலைப்பக்கம் வர வேண்டும் என்பது கொடி விதியில் இருக்கிறது. கொடியைச் சிதையில் எரிக்கக் கூடாது என்பதும் அதே விதியில் இருக்கிறது. போட்டோ எடுத்து முடித்ததும் அதை யார் எடுத்து மடித்து வைப்பதாக உத்தேசம் என்று என் அண்ணன் கேட்டான். பதில் இல்லை. அப்புறம்தான் அவன் குரல் உயர்ந்தது. அப்பன் கூடத்தில் கிடக்கும்போது ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு "கொஞ்சம் தள்ளி நில்லுங்க அண்ணா, வெளிச்சம் மறைக்குது" என்று சொன்னால் குரல் உயராதா? வெட்டி ஒட்டிய வீடியோவில் அந்த வசனம் மட்டும் எப்படிக் காணாமல் போனதோ தெரியவில்லை.

பதிவோடு போட்ட படத்தைப் பார்த்தீர்களா? பனிமலையில் துப்பாக்கியோடு நிற்கும் ஒரு சிப்பாய், மூலையில் பெரியப்பாவின் ரேஷன் கார்டு முகம். பெரியப்பா கடற்படை ஐயா. நேவி. எங்கள் குன்னூரை ஒட்டிய வெலிங்டனில் ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் இருக்கிறது, பேரக்ஸ் பக்கம் விடிகாலையில் நடந்தால் ஓடிப் பழகுகிற பையன்களைப் பார்க்கலாம், "வீர மதராசி, அடி கொல்லு அடி கொல்லு" என்கிற அவர்களுடைய போர் முழக்கம் எங்கள் ஊர்க் குழந்தைகளுக்கும் மனப்பாடம். அதனால் இங்கே யூனிஃபார்ம் என்றாலே ராணுவம்தான். கடலே கண்ணில் படாத மலையிலிருந்து கடற்படைக்குப் போனவரை ஊருக்கு வைத்துக்கொள்ள இடம் தெரியவில்லை. கடைசிவரை "கப்பல்காரர்" என்றே கூப்பிட்டார்கள். ஏதோ சரக்குக் கப்பலில் துபாய்க்குப் போய் வந்தவர் மாதிரி.

லோனாவாலாவில் ஐஎன்எஸ் சிவாஜியில் இன்ஜின் வேலை படித்தவர் அவர். பாய்லர் அறைதான் வாழ்க்கை. ஐஎன்எஸ் நீலகிரி என்று ஒரு போர்க்கப்பல் இருந்தது, எத்தனை பேருக்குத் தெரியும்? மும்பை மசகான் கட்டுமானத் தளத்தில் கட்டி, 1972 ஜூன் 3 அன்று படையில் சேர்த்தார்கள். அந்த வரிசையில் ஆறு கப்பல்கள், எல்லாவற்றுக்கும் மலைப் பெயர், முதல் பெயர் நம்முடையது. இரண்டு பாய்லர், 30,000 குதிரைத்திறன். குன்னூரிலிருந்து போன ஆள் நீலகிரிக்குள்ளேயே போய் வேர்த்துக் கிடந்தேன் என்று சிரிப்பார். 1997இல் அந்தக் கப்பலை, ஓய்வு கொடுத்த பிறகு, ஏவுகணைச் சோதனைக்கு இலக்காக வைத்துக் கடலில் மூழ்கடித்தார்கள். "கஷ்டமா இல்லையா பெரியப்பா?" என்று நான் கேட்டதற்கு, "பழைய இரும்புக் கடைக்குப் போறதுக்கு இது மேல்" என்றார். 2025 ஜனவரியில் அதே பெயரில் புதிய நீலகிரி படையில் சேர்ந்தபோது டிவி முன்னால் உட்கார்ந்து, பிரதமர் பேசிய நேரமெல்லாம், "கப்பலைக் காட்டுங்கப்பா" என்று முனகிக்கொண்டே இருந்தார்.

கமெண்டில் ஒருவர் கேட்டிருக்கிறார், "போரில் சண்டை போட்டாரா, இல்லை கப்பலுக்குள் உட்கார்ந்திருந்தாரா?" என்று. இந்த ஒரு கேள்விக்கு நிதானமாகவே பதில் சொல்கிறேன். 1971 டிசம்பர் 9 இரவு, டையூவுக்கு அருகே, பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி விட்ட டார்பிடோவில் நம் போர்க்கப்பல் ஐஎன்எஸ் குக்ரி சில நிமிடங்களில் மூழ்கியது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் போனார்கள். அதன் கேப்டன் முல்லா கப்பலை விட்டு இறங்கவில்லை, அவர் பெயராவது நாலு பேருக்குத் தெரியும். பெரியப்பாவோடு பயிற்சி எடுத்த ஒருவர் அந்த 176இல் இருந்தார். பெரியப்பா அப்போது வேறொரு கப்பலில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, வெளியே இரவா பகலா என்று தெரியாத அறையில். அடி விழுந்தால் ஏணி ஏறி மேலே வர நேரம் இருக்காது என்று தெரிந்தே இறங்குகிற இடம் அது. உட்கார்ந்திருந்தாராம். அங்கே உட்கார நாற்காலி போட்டிருந்தார்கள் என்று நினைத்தீர்களா?

அந்த இரைச்சலில் காது போனது. அதனால்தான் கத்திப் பேசுவார். "கப்பல்காரருக்குத் திமிரு" என்று டீக்கடையில் சொன்னவர்கள் இன்றைக்கு அதே வீடியோவுக்குக் கீழே கண்ணீர் பொம்மை போட்டிருக்கிறார்கள். சின்ன வயதில் என்னைக் குன்னூர் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போவார். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறி வந்த நீராவி இன்ஜின் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும். பெரியப்பா பிளாட்பாரத்து ஓரத்தில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருப்பார். காது கேட்காத மனிதர், ஆவி எந்த இடத்தில் கசிகிறது என்று கையை நீட்டிக் காட்டுவார். ஒருநாள் டிரைவர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "நீங்க யாருங்க சார்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அந்த ஷெட்டில் அவருக்குப் பெயர் சீஃப். ஊரில் ஒருவரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. ஊர் அவரிடம் கேட்டதெல்லாம் மிலிட்டரி கேண்டீன் பாட்டில் மட்டும்தான், தீபாவளிக்கு ஒன்று, கோயில் திருவிழாவுக்கு ஒன்று.

"ஜெனரல் ராவத்துக்குப் போர்த்தினார்களே?" என்று இன்னொருவர். அவர் பதவியில் இருந்த முப்படைத் தலைமைத் தளபதி, டெல்லியில் நடந்தது ராணுவ இறுதிச் சடங்கு. இரண்டும் ஒன்றா? அதுவும் எங்கள் ஊர்க்காரர்களிடமா அதைச் சொல்வது? 2021 டிசம்பர் 8 அன்று அவர் வந்த ஹெலிகாப்டர் குன்னூருக்குப் பக்கத்தில் விழுந்தபோது நஞ்சப்பசத்திரத்து ஜனங்கள் தண்ணீர்க் குடத்தையும் வீட்டுக் கம்பளியையும் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். கம்பளியில் வைத்துத்தான் ஆட்களைத் தூக்கினார்கள். அன்றைக்கு அந்தப் பெண்களில் எவரும் கொடி எங்கே என்று தேடவில்லை, போனைத் தூக்கி வெளிச்சமும் பார்க்கவில்லை.

பாசத்தில் செய்ததுதானே, விடுங்கள் என்கிறார்கள். பாசம் என்றால் பெரியப்பா படுக்கையில் கிடந்த மாதங்களில் ஒருநாள் வந்திருக்கலாம். மேட்டுத் தெருவில் வண்டி ஏறாது என்று நாற்காலியில் வைத்து அவரைத் தூக்கிக்கொண்டு இறங்கியது தேயிலைத் தோட்டத்து வேலைக்காரர்கள் இரண்டு பேர். நவம்பர் வந்தால் ஆயுள் சான்றுக்கு அவரைக் கூட்டிப் போக ஆள் தேடி அலைந்தது பெரியம்மா. அப்போதெல்லாம் இந்த வீரவணக்கம் எந்தப் பெட்டியில் பூட்டி இருந்தது?

மரியாதையே செய்யவில்லை என்று எழுதியவர்களுக்கு: செய்தார்கள். வெலிங்டன் பக்கத்திலிருந்து வயதான முன்னாள் படைவீரர்கள் சிலர் மழையில் வந்தார்கள். ராணுவக்காரர்கள்தான், நேவி இல்லை. மலர்வளையம் வைத்தார்கள், வரிசையாக நின்று ஒரு சல்யூட் அடித்தார்கள், ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். வீடியோவில் அது இல்லை, ஏனென்றால் தம்பி அதற்குள் போய்விட்டார்.

தம்பி பதிவை எடுத்துவிட்டால் நானும் இதை எடுத்துவிடுகிறேன். எடுக்காவிட்டாலும் பரவாயில்லை, பெரியம்மாவுக்கு போன் செய்து "ஏம்மா கொடிய வேண்டாம்னீங்க?" என்று கேட்பதை மட்டும் நிறுத்துங்கள். அவருக்கு வேறு வேலை இருக்கிறது. குடும்ப ஓய்வூதியத்துக்கு இறப்புச் சான்று, பென்ஷன் உத்தரவு, ஆதார் எல்லாம் சேர்க்க வேண்டும், ஒன்றில் அவர் பெயருக்கு இரண்டு 'ன்', இன்னொன்றில் ஒன்று. திங்கட்கிழமை காலை ஊட்டி போகிறோம். தேசபக்தி இன்னும் மீதி இருப்பவர்கள் ஒன்பது மணிக்கு ஒரு வண்டியோடு வரலாம், டீசல் நாங்களே போட்டுக்கொள்கிறோம்.